பெர்த் நகரமும் ஒட்டகக்காரர்களும்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் மேற்கோரத்தில், இந்துமாக்கடலை நோக்கி அமைந்துள்ளது பெர்த் மாநகரம். அதற்கு மிக அண்மையிலுள்ள பெருநகரமாகிய அடிலெய்டே 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இடையிலுள்ள நிலத்தில் பெரும்பகுதி நீரற்ற வறண்ட வெளி. ஆண்டில் 3,000 மணி நேரத்திற்கு மேல் அங்கு வெயில் காய்கிறது. கோடைப் பிற்பகல்களில் கடலிலிருந்து வீசும் குளிர்காற்றை ஊரார் 'ஃப்ரீமாண்டில் மருத்துவர்' என்றே அழைக்கின்றனர். சோழமண்டலக் கரையிலுள்ள நாம் கடலுக்கு முதுகைக் காட்டித் தொழுகிறோம். அங்குள்ளோர்க்கோ கிப்லா கடலின் திசையில் அமைந்திருக்கிறது.

ஆங்கிலேயர் அங்கே குடியேறியது 1829இல். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அந்த ஆற்றங்கரை நூங்கார் மக்களின் தாயகம். இன்று பயணிகள் உல்லாசமாகச் சென்று வரும் ராட்னெஸ்ட் தீவு, 1838 முதல் அம்மண்ணின் மைந்தர்களை அடைத்துவைத்த சிறைக்கூடமாக விளங்கியது. அங்கேயே மாண்டு புதைக்கப்பட்டோர் சில நூற்றுவர். தீவுக்குப் படகேறுவோர் இதனை அறிந்தே ஏறுதல் நன்று.

1892இல் உள்நாட்டில் கூல்கார்டி என்னுமிடத்தில் பொன் கிடைத்தது. மக்கள் திரண்டனர், ஆயினும் தண்ணீரில்லாத அவ்வெளியில் குதிரையும் மாடும் எத்தனை நாள் தாங்கும்? உணவையும் நீரையும் கருவிகளையும் சுமந்து சென்றவை ஒட்டகங்களே. அவற்றை ஓட்டிய நம் சகோதரர்களை 'ஆப்கானியர்' என்று ஒரே பெயரால் அழைத்தனர். உண்மையில் பலூசிஸ்தானம், பஞ்சாப், சிந்து முதலிய பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். பைஸ் முஹம்மது, தாஜ் முஹம்மது என்னும் சகோதரர் இருவர் இத்தொழிலில் பெரும் வணிகராக உயர்ந்தனர். 1896இல் கூல்கார்டிப் பள்ளியில் தொழுதுகொண்டிருந்த தாஜ் முஹம்மதைச் சுட்டுக் கொன்றவனும் ஒரு முஸ்லிமே என்பதை மறைப்பதற்கில்லை.

பொன் வயலுக்கு வழி திறந்த இவர்களுக்கு அங்கே பொன் அகழும் உரிமம் மறுக்கப்பட்டது. 1901இல் வந்த குடியேற்றத் தடைச் சட்டமோ, வருவோரிடம் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் எழுத்துத் தேர்வு நடத்தலாம் என்றது. வேண்டாதவரை எந்த மொழியிலும் தோல்வியுறச் செய்யலாமன்றோ? ஊரில் விட்டுவந்த மனைவி மக்களை அழைத்துக்கொள்ளப் பலருக்கு வழியில்லாது போயிற்று.

அந்த நெருக்கடிக்கிடையேதான் அவர்களும் சிறு வணிகர்களும் பொருள் திரட்டி, பெர்த்தின் வில்லியம் வீதியில் பள்ளிவாசல் எழுப்பினர். 1905இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் பைஸ் முஹம்மது. உயர்ந்த மாடங்களும் அகன்ற சதுக்கமும் தேடிச் செல்வோர் ஏமாறக்கூடும். அது கடைத்தெருவில் அமைந்த அடக்கமான கட்டடம். ஆயினும் நம்மவர் அந்நகருக்குச் சென்றால், பூங்காவுக்கும் கடற்கரைக்கும் முன்னர் அங்கு சென்று இரண்டு ரக்அத் தொழ வேண்டுமென்பது நமது வேண்டுகோள். நிறம் பார்த்துக் கதவடைத்த கொள்கையை 1973இல் அந்நாடு முற்றாகக் கைவிட்டது. இன்று பல நாட்டு மக்கள் அந்தப் பள்ளியில் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

மோட்டார் லாரிகள் வந்தபின் வேலையற்றுப்போன ஒட்டகங்கள் பாலையில் அவிழ்த்துவிடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் காட்டு விலங்குகளாய் அக்கண்டத்தின் உட்பகுதியில் திரிகின்றன.