புதுச்சேரியின் ஆய்வுக்கூடங்கள்: நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை

பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் நம் வீடுகளில் மருத்துவம், பொறியியல், வளைகுடா வேலை என்றுதான் பேச்சு எழுகிறது. ஆராய்ச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது டெல்லியிலோ அமெரிக்காவிலோ நடக்கும் காரியம் என்று நினைக்கிறோம். ஆனால் முல்லா வீதியிலிருந்து பேருந்தில் போய்வரக் கூடிய தொலைவிலேயே உலகம் மதிக்கும் ஆய்வு நிறுவனங்கள் உள்ளன.

ஊரின் நோய்க்கு ஊரிலேயே ஆய்வு

யானைக்கால் நோய் ஒரு காலத்தில் புதுச்சேரியை வாட்டியது. நூல் போன்ற மெல்லிய புழு இந்நோயை உண்டாக்குகிறது. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. இந்த நிலையில்தான் 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைப் புதுச்சேரியில் தொடங்கியது. இயக்குநர் பி.கே. ராஜகோபாலன் காலத்தில், 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதும் ஒரு பெரும் திட்டம் நடந்தது. பூச்சிமருந்தை மட்டும் நம்பாமல், தண்ணீர் தேங்கும் இடங்களைச் சீர்செய்வது, புழுவைத் தின்னும் மீன்களை விடுவது எனப் பல வழிகளை ஒன்றாகச் செயல்படுத்தினார்கள்.

பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவைக் கொண்டு கொசுப்புழுவைக் கொல்லும் மருந்தைத் தயாரிக்கும் முறையையும் இம்மையம் உருவாக்கி, நிறுவனங்களுக்கு அளித்துள்ளது. செல் உயிரியல் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இதுவே நல்ல பதில். இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் புரதப் படிகத்தைக் கொசுப்புழு விழுங்குகிறது. புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்கே படிகம் கரைந்து நஞ்சாக மாறி, குடல் செல்களின் சவ்வில் ஒட்டித் துளையிடுகிறது. துளை வழியே நீர் புகுந்து செல்கள் வீங்கி வெடிக்க, புழு இறக்கிறது. மனித வயிற்றில் இருப்பது அமிலம். அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடங்களும் நம் செல்களில் இல்லை. அதனால் நமக்குத் தீங்கில்லை. ஒரு செல்லின் சவ்வை அறிந்தால் ஒரு தெருவின் நோயைத் தடுக்கலாம்.

மற்ற நிறுவனங்கள்

ஜிப்மரின் வேர் 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. இங்கே சிகிச்சையுடன் ஆராய்ச்சிப் படிப்புகளும் உண்டு.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுச்சேரிப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இயங்குகிறது. உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்தகவலியல், சூழலியல் துறைகளில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெறலாம்.

செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. இதை நிறுவிய ழான் ஃபிலியோசா ஒரு கண் மருத்துவர், இந்தியவியல் அறிஞரும்கூட. ஓலைச்சுவடி ஆய்வும், பழங்கால மகரந்தத் துகள்களைக் கொண்டு காடுகளின் வரலாற்றை அறியும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. இங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்றன. வரலாறும் மொழியும் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஆய்வில் இடமுண்டு என்பதற்கு இது சான்று.

எப்படி நுழைவது?

பல்கலைக்கழக இளங்கலை, முதுகலை இடங்களுக்கு கியூட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். முதுகலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வு. கலைப் பாடங்களுக்கு யு.ஜி.சி. நெட். நான்காண்டு இளங்கலையில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர்கள் முதுகலை இல்லாமலே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது 2022இல் வந்த விதி.

செலவைப் பற்றிய கவலை நியாயமானது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படியும் சேர்த்துக் கிடைக்கிறது. அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவருக்கு மாதம் 8,000 ரூபாய் மட்டுமே. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகைத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே நெட் தேர்வுக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது இப்போது இன்னும் அவசியம்.

சான்றிதழிலும் கவனம் தேவை. மாநில அரசின் சான்றிதழ் மட்டும் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உங்கள் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, மத்திய படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழை முன்னதாகவே வாங்கி வைப்பது நல்லது.

முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் வரை ஆகலாம். வீட்டாரின் பொறுமை இல்லாமல் எந்தப் பிள்ளையாலும் அதை முடிக்க முடியாது. வெளியூர் அனுப்பத் தயங்கியே பெண் பிள்ளைகளின் படிப்பை இளங்கலையோடு நிறுத்தும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. காலையில் ஆய்வுக்கூடம் போய் மாலையில் வீடு திரும்பலாம். பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் பேசுவோம்.