அகர்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டில் இறுகிக் கிடக்கும் அகருக்குப் பெயர் தந்தது மலாய் மொழி. அங்கே 'அகர்-அகர்' என்பது சிலவகைக் கடற்பாசிகளையும் அவற்றைக் காய்ச்சிச் செய்யும் இனிப்பையும் குறிக்கும். நம் வீடுகளில் ரம்ஜான் நோன்பு திறக்கும்போது பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்கிற 'கடல்பாசி'யும் அதுவே. கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்கள் மண்டிக் கிடக்கும் துறைக்குள் இந்தச் சொல் நுழைந்தது அடுக்களை வழியாகத்தான்.

1881இல் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, கிருமி வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கோடை வெப்பத்தில் அது உருகியது. சில பாக்டீரியாக்கள் அதையே கரைத்தும் விட்டன. அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவர் மனைவி ஃபேனி. நியூயார்க்கில் வளர்ந்த ஃபேனிக்கு, ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சுக்காரர்கள் மூலம் அந்தச் சமையல் பொருள் பழக்கம்.

அகர் உருகச் சுமார் 85 பாகை வெப்பம் வேண்டும். உருகியபின் 40 பாகைக்குக் கீழே வந்தால்தான் இறுகும். ஆகவே, உடல்வெப்பமான 37 பாகையில் கிருமி வளர்த்தாலும் தட்டு இளகாது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் முடியாது.

1882இல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் காக் அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. கண்ணாடித் தட்டை வடிவமைத்த பெட்ரியின் பெயர் மட்டும் தட்டோடு ஒட்டிக்கொண்டது!

மன்னார் வளைகுடாவில் மண்டபம் பகுதிப் பெண்கள் மூழ்கி எடுக்கும் 'மரிக்கொழுந்து' பாசியும் அகர் தயாரிக்கத்தான் போகிறது.