பாஸ்போர்ட் கையில், படகு எங்கே? - ஒரு வரலாறு



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கும் நமக்கு பாஸ்போர்ட் என்றால் மதுரை அலுவலகம்தான். 2007 டிசம்பரில் அது திறக்கப்படும் வரை திருச்சிக்குப் போய் வந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் புதுப்பித்துக் கொள்கிறார்கள். ஆனால் தூதரகத்தில் பாஸ்போர்ட் வாங்கியதால் சொந்த நாடே மாறிப்போன லட்சக்கணக்கான தமிழர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் மலையகத் தமிழர்கள்!

ஆங்கிலேயர் காலத்தில் தேயிலை, காப்பித் தோட்ட வேலைக்காக பழைய ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளில் இருந்து ஏழைகள் இலங்கைக்குப் போனார்கள். நம் இரண்டு ஊர்களும் 1985-ல் விருதுநகர் மாவட்டம் பிரியும் வரை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. எனவே இது வேறு யாரோ ஒருவர் கதை அல்ல.

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். இந்திய அரசியல் சட்டத்தின் 8-வது பிரிவில் ஒரு வழி இருந்தது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து இந்தியக் குடிமகன் ஆகலாம். ஆனால் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எதற்காக இந்தியர் ஆக வேண்டும்?

அதை இரு அரசுகள் முடிவு செய்தன. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். மூட்டைக் கணக்கு மாதிரி இருக்கிறது அல்லவா?

இந்தியாவைத் தேர்ந்தவர்கள் இந்தியத் தூதரகத்தில் மனு கொடுத்தார்கள். கண்டியில் இருந்த அலுவலகம் மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடமானது. பாஸ்போர்ட் கிடைத்தால் ஊருக்குப் புறப்பட வேண்டும். ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியர், தம்பி இலங்கையர் என்று ஆனதும் உண்டு. ஒப்பந்தம் ஆன இரண்டே மாதத்தில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் தலைமன்னாரில் ஏறியவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். பலர் தாங்கள் பார்த்தே இராத "தாய்நாட்டுக்கு" வந்தவர்கள்.

1984-ல் போரினால் கப்பல் நின்றது. கையில் இந்திய பாஸ்போர்ட், வீடு இலங்கையில் என்று பல்லாயிரம் பேர் நடுவில் மாட்டிக் கொண்டார்கள். அந்த பாஸ்போர்ட் இருந்ததால் இலங்கையில் ஓட்டு கிடையாது. இந்தியாவுக்கு வரவும் வழியில்லை. 1964 முதல் அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு இலங்கை 2003-ல்தான் தனிச் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. கிட்டத்தட்ட நாற்பது வருடம்!

கலவரத்துக்குத் தப்பி தமிழ்நாடு வந்த மலையகத் தமிழர்களில் பலர், பூர்வீகம் இந்தியா என்றாலும், இன்னும் அகதி முகாம்களில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாமல் இருக்கிறார்கள்.

பாஸ்போர்ட் என்பது பயணத்துக்கான புத்தகம் என்று நினைக்கிறோம். "நீ எங்கள் ஆள்" என்று ஒரு அரசு எழுதித் தரும் சீட்டு அது. அதைத் தருவதற்கு முன் அந்த மனிதரிடம் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சிலோன் போனவர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.