நிகர அயனிச் சமன்பாடு (அமில-கார வினைகள்)

வேதியியலில் நிகர அயனிச் சமன்பாடு என்பது நீர்க்கரைசலில் நிகழும் ஒரு வினையில் உண்மையில் மாற்றமடையும் துகள்களை மட்டும் காட்டும் சமன்பாடு ஆகும். வினைக்கு முன்பும் பின்பும் மாறாமல் கரைசலிலேயே இருக்கும் அயனிகள் பார்வையாளர் அயனிகள் எனப்படும். இவை நிகர அயனிச் சமன்பாட்டில் இடம்பெறுவதில்லை. அமில-கார வினைகளில் இச்சமன்பாட்டின் வடிவம் அமிலம், காரம் ஆகியவற்றின் வலிமையைப் பொறுத்து மாறுபடும்.

எழுதும் முறை

1. வினையின் முழுச் சமன்பாட்டை எழுதிச் சமன்செய்ய வேண்டும்.
2. நீரில் கரைந்து முழுமையாக அயனியுறும் வலிமை மிகு அமிலங்கள், வலிமை மிகு காரங்கள், கரையும் உப்புகள் ஆகியவற்றை மட்டும் அயனிகளாகப் பிரிக்க வேண்டும்.
3. வலிமை குறைந்த அமிலங்கள், வலிமை குறைந்த காரங்கள், நீர், வாயுக்கள், கரையாத திண்மங்கள் ஆகியவற்றைப் பிரிக்காமல் எழுத வேண்டும்.
4. இருபுறமும் ஒரே வடிவில் உள்ள அயனிகளை நீக்க வேண்டும்.
5. அணுக்களின் எண்ணிக்கையும் மொத்த மின்சுமையும் இருபுறமும் சமமாக உள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

வலிமை மிகு அமிலமும் வலிமை மிகு காரமும்

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் வினைபுரியும்போது சோடியம், குளோரைடு அயனிகள் மாற்றமடைவதில்லை. எனவே நிகரச் சமன்பாடு பின்வருமாறு அமையும்:

ஹைட்ரஜன் அயனி + ஹைட்ராக்சைடு அயனி → நீர்

நைட்ரிக் அமிலத்தையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் பயன்படுத்தினாலும் இதே சமன்பாடே கிடைக்கும். இது வெறும் எழுத்துமுறை அன்று. நீர்த்த கரைசல்களில் இத்தகைய இணைகள் அனைத்தும் ஒரு மோல் நீர் உருவாகும்போது ஏறத்தாழ 57 கிலோஜூல் வெப்பத்தையே வெளிவிடுகின்றன. சுவீடன் நாட்டு அறிவியலாளர் சுவாந்தே அரீனியசு 1887 இல் வெளியிட்ட அயனிக் கொள்கை இதற்கு விளக்கம் அளித்தது. அவருக்கு 1903 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வலிமை குறைந்த அமிலம்

வினாகிரியில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் 0.1 மோலார் கரைசலில் ஏறத்தாழ 1.3 விழுக்காடு மூலக்கூறுகளே அயனியுற்றிருக்கும். ஆகவே அதனைப் பிரிக்காமல் எழுத வேண்டும்:

அசிட்டிக் அமிலம் + ஹைட்ராக்சைடு அயனி → அசிட்டேட் அயனி + நீர்

இருபுறமும் மொத்த மின்சுமை -1 ஆகும். இங்கும் ஹைட்ரஜன் அயனி என்று எழுதுவது மாணவர்களிடையே பரவலாகக் காணப்படும் தவறு. அவ்வாறு எழுதினால் அசிட்டேட் அயனி சமன்பாட்டிலிருந்து மறைந்துவிடும். வினையின் முடிவில் கரைசல் காரத்தன்மை பெறுவது அவ்வயனியால்தான். இதன் காரணமாகவே இத்தரம்பார்த்தலில் மெத்தில் ஆரஞ்சு பொருந்துவதில்லை. பினால்ப்தலீன் நிறங்காட்டியாகப் பயன்படுகிறது.

வலிமை குறைந்த காரம்

அமோனியா ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வினைபுரியும்போது நீர் விளைபொருளாக வருவதில்லை:

அமோனியா + ஹைட்ரஜன் அயனி → அம்மோனியம் அயனி

பார்வையாளர் அயனிகள் இல்லாத வினை

பேரியம் ஹைட்ராக்சைடும் மிகவும் நீர்த்த கந்தக அமிலமும் சேரும்போது நீருடன் கரையாத பேரியம் சல்பேட்டும் உருவாகிறது:

பேரியம் அயனி + 2 ஹைட்ராக்சைடு அயனி + 2 ஹைட்ரஜன் அயனி + சல்பேட் அயனி → பேரியம் சல்பேட் + 2 நீர்

இதில் நீக்குவதற்கு எந்த அயனியும் இல்லை. இரண்டும் சம அளவில் வினைபுரிந்து முடியும் புள்ளியில் கரைசலின் மின்கடத்துதிறன் ஏறத்தாழச் சுழியமாகிறது. கரைசலில் ஒரு மின்விளக்குச் சுற்றை இணைத்திருந்தால் அப்புள்ளியில் விளக்கு அணைந்து, மேலும் அமிலம் சேர்த்தபின் மீண்டும் ஒளிரும்.

குறியீடு

நீரில் ஹைட்ரஜன் அயனி தனித்திருப்பதில்லை. அது நீர் மூலக்கூறுகளுடன் இணைந்தே உள்ளது. இதனால் சில நூல்களில் அதற்குப் பதிலாக ஹைட்ரோனியம் அயனி எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதும்போது மறுபுறத்தில் ஒரு நீர் மூலக்கூறு கூடுதலாக வரும்.

இவற்றையும் பார்க்க

- நடுநிலையாக்கல்
- தரம்பார்த்தல்
- மின்பகுளி