பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் பழவேற்காடு. சுற்றுலா வருபவர்கள் பறவைகளைப் பார்ப்பார்கள், வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையில் துணி மூட்டைகளோடு மனிதர்களும் சரக்காகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் இங்கே பண்டகசாலை அமைத்தது. 1612இல் போர்த்துகீசியர் அதைத் தாக்க, அடுத்த ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. ஜாவாவில் 1619இல் பத்தாவியாவை நிறுவிய கம்பெனி, 1621இல் பண்டா தீவு மக்களைக் கொன்றும் விரட்டியும் சாதிக்காய்த் தோட்டங்களைப் பிடித்தது. வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்குச் சோழமண்டலக் கரை அகப்பட்டது.

பஞ்சம்தான் ஆள் பிடித்துக் கொடுத்தது. மழை பொய்த்து, படைகளும் ஊரைச் சூறையாடினால் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். சிலர் தங்களையே விற்றுக்கொண்டார்கள். 1622-23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அனுப்பப்பட்டதாக வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்க் கணக்கிடுகிறார். 1646இல் 2,000 பேருக்கு மேல். பீஜப்பூர் படை தஞ்சைச் சீமையை அழித்த 1659-61இல் பல்லாயிரம் பேர்; அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது இலங்கைக்கு.

இதே கம்பெனிக்காக வாதாடிய சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்ற நூலை வெளியிட்டார். கடல் எந்த அரசருக்கும் சொந்தமல்ல, எவரும் அதில் வணிகம் செய்யலாம் என்பது அவர் வாதம். இன்றைய கடல் சட்டத்துக்கு அது ஒரு முக்கிய வேர். ஆனால் அந்தச் சுதந்திரம் கப்பலுக்கும் வணிகருக்கும்தான். சரக்கோடு சரக்காக ஏற்றப்பட்டவர்களுக்கு அதில் பங்கில்லை.

டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை 1860இல்தான் சட்டப்படி ஒழிந்தது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்றது. எந்த நாட்டுக் கப்பலில் தஞ்சம் புகுந்தாலும் அடிமை அக்கணமே சுதந்திரம் பெறுகிறார் என்கிறது அதன் 99ஆம் பிரிவு. அடிமை வணிகம் நடப்பதாகச் சந்தேகித்தால், திறந்த கடலில் பிற நாட்டுக் கப்பலிலும் போர்க்கப்பல் வீரர்கள் ஏறிச் சோதிக்கலாம் என்கிறது 110ஆம் பிரிவு.

அதோடு நிற்கிறது சட்டம். கடற்கொள்ளைக் கப்பலை எந்த நாடும் கைப்பற்றி, அதிலுள்ளவர்களைக் கைது செய்து, தன் நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம். 105ஆம் பிரிவு அதற்கு வெளிப்படையாக இடம் தருகிறது. அடிமைக் கப்பலுக்கு அப்படியொரு பிரிவே கிடையாது. அதைத் தடுப்பதும் தண்டிப்பதும் முதலில் கொடி நாட்டின், அதாவது கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டின், பொறுப்பு. கொள்ளைபோகும் சரக்குக்குக் கிடைத்த காவல், கடத்தப்படும் மனிதருக்கு இன்னும் கிடைக்கவில்லை.