சின்ன கேமராவுக்கு லென்ஸ் ஹூட் தேவையா?



புதிதாக ஒரு சின்ன கேமரா வாங்கிய பழைய மாணவர், "சார், இதுக்கு லென்ஸ் ஹூட்னு ஒரு வளையம் தனியா விக்கிறாங்க. தேவையா, இல்ல வெறும் அலங்காரமா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் வரலாறு தெரிந்தால் பதில் மனதில் நிற்கும்.

எதிர்வெயிலில் தூரத்தில் வருபவர் யார் என்று பார்க்க, நெற்றியில் கையை வைத்துக்கொள்கிறோம். ஹூட்டும் அதையேதான் செய்கிறது. படத்துக்குள் வராத வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து லென்ஸில் விழாமல் தடுக்கிறது.

விழுந்தால் என்ன ஆகும்? பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா என்ற சின்ன கேமரா 1925இல் ஜெர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமானது. விரைவில் அதற்கு வந்த எல்மார் லென்ஸில் 4 கண்ணாடிகள். காற்றைத் தொடும் பரப்புகள் 6. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒளி வழியிலேயே திரும்பிவிடுகிறது. அதில் ஒரு பகுதி உள்ளேயே எதிரொளித்து, ஃபிலிம் மேல் பனிமூட்டம் போலப் படியும். கறுப்பு சாம்பலாகும், முகம் வெளுக்கும். அதனால்தான் அந்தச் சின்ன லென்ஸுக்கென்றே லைட்ஸ் நிறுவனம் ஹூட் செய்து விற்றது.

இதற்கு மருந்து அதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. 1890களில் இங்கிலாந்தின் யார்க் நகரில் லென்ஸ் வடிவமைத்துவந்த டென்னிஸ் டெய்லர், நாள்பட்டு மேற்பரப்பு மங்கிய கண்ணாடி, புதுக் கண்ணாடியைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த உக்ரைனியரான ஸ்மாகுலா, அந்த மெல்லிய படலத்தை வெற்றிடத்தில் கண்ணாடிமேல் படியவைக்கும் முறையைக் கண்டார். படலத்தின் கனம் ஒளி அலைநீளத்தில் கால் பங்கு. அதன் மேல்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1971இல் பென்டாக்ஸ் பல அடுக்குப் பூச்சு லென்ஸ்களைக் கொண்டுவந்தது. இன்று நல்ல பூச்சுள்ள பரப்பு அரை சதவீத ஒளியைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை.

அப்படியானால் ஹூட்டுக்கு வேலை போய்விட்டதா? பாதிதான் போயிற்று. பூச்சு என்பது கண்ணாடியின் எதிரொளிப்பைக் குறைக்கும். கண்ணாடிமேல் இருக்கும் தூசியையும் விரல் ரேகையையும் ஒன்றும் செய்யாது. பக்கவெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறினால் படம் மங்கும். சட்டைப் பைக்குள் போய்வரும் சின்ன கேமராவில் இந்த அழுக்குதான் அதிகம்.

ஹூட்டால் தொல்லையும் உண்டு. நீளமாக இருந்தால் அகலக் கோணத்தில் படத்தின் மூலைகள் இருண்டுபோகும். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷைப் போட்டால் ஹூட்டின் நிழல் படத்தின் அடியில் விழும். லென்ஸுக்குப் பக்கத்தில் பார்வைத் துளை உள்ள கேமராவில் அது காட்சியையே மறைக்கும். சூரியனே படத்துக்குள் இருந்தால் எந்த ஹூட்டும் உதவாது.

ஆகவே என் பதில்: ஃபிளாஷ் இல்லாமல் வெளியில் படம் எடுப்பவர், அந்த லென்ஸுக்கென்றே செய்த ஹூட் கிடைத்தால் வாங்கலாம். மற்றவர்கள் லென்ஸை மென்துணியால் துடைத்துவிட்டு, பக்கவெயில் அடிக்கும்போது இடது உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே, படத்தில் விழாதபடி பிடித்தால் போதும். செல்போனுக்கும் இதுவேதான்.

கோயில் வாசலில் தாத்தா பாட்டியை நிற்கவைத்து எடுக்கும் படம் இன்னொரு முறை கிடைக்காமல் போகலாம். மங்கிய முகத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவுதான் மீட்க முடியும். கையை நீட்டி மறைக்க ஒரு நொடிதான் ஆகும்.