பல் படமும் பிழைகளின் வரலாறும்



‘பல் போனால் சொல் போச்சு’ என்பர் நம் முன்னோர். அப்பல்லைக் காக்க எடுக்கும் ஊடுகதிர்ப் படத்திலும் பிழைகள் நேர்வதுண்டு. அப்பிழைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1895 நவம்பர் 8ஆம் நாள் செருமானிய அறிஞர் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். 1896ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நாட்டுப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தம் பற்களையே படமெடுத்தார். அதற்கு 25 நிமிடம் பிடித்தது. சற்றே அசைந்தாலும் படம் மங்கிவிடும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் மருத்துவர், கதிரின் வலிமையைச் சோதிக்கத் தம் கையையே பலமுறை அதன்முன் நீட்டினார். பின்னாளில் புற்றுநோயால் விரல்களையும் கையையும் இழந்தார்.

அடுத்து நெடுங்காலம் பிலிம் ஆட்சி செய்தது. கதிர் மிகுந்தால் படம் கறுத்தது, குறைந்தால் வெளுத்தது. பிலிமைப் புறம் மாற்றி வைத்தால், உறையிலுள்ள ஈயத்தாளின் வரிகள் படத்தில் பதிந்தன. பிழை தன்னைத் தானே அறிவித்தது.

1987இல் பிரான்சு நாட்டின் பிரான்சிஸ் மூயன் உருவாக்கிய மின்னணு உணரி வெளிவந்தது. படம் நொடிகளில் திரையில் தோன்றியது. தேவைப்படும் கதிரும் குறைந்தது. 1990களில், அழித்து மீண்டும் பயன்படுத்தக்கூடிய பாஸ்பர் தகடுகளும் வந்தன.

ஆயினும் பழைய பிழைகள் நீங்கவில்லை. கோணம் தவறினால் பல் நீண்டோ குறுகியோ தோன்றும். அடுத்தடுத்த பற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் இடையிலுள்ள சொத்தை மறையும். புதிய பிழைகளும் சேர்ந்தன. தகட்டை முழுமையாக அழிக்காவிடில் முந்தைய படத்தின் நிழல் தெரியும். கீறல் விழுந்தால் வெண்கோடு தோன்றும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். தெரியாத பிழையே கவலைக்குரியது. பாஸ்பர் தகட்டில் கதிர் சற்று மிகுந்தாலும், கணினி ஒளியளவைச் சரிசெய்து அழகிய படத்தையே காட்டிவிடும். அளவு மிகுந்ததை எவரும் உணரார். மேலும், எளிதில் எடுக்க முடிகிறதென்பதால் மறுபடமும் எளிதில் எடுக்கப்படுகிறது.

ஆசிரியர்களாகிய நாம் இதனை நன்கு அறிவோம். பிழையை மறைத்து விடையை மட்டும் அழகாகக் காட்டும் ஏடு, மாணவனுக்கு நன்மை செய்யாது.

பெற்றோரே, ஒரு பல் படத்தின் கதிரளவு மிகச் சிறியது. அஞ்சி மறுக்க வேண்டா. ஆயினும், முன்பு எடுத்த படம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடம் எதற்கென்று பணிவுடன் கேளுங்கள். கதிரளவு பிள்ளையின் வயதுக்கும் உடலளவுக்கும் ஏற்பக் குறைக்கப்பட்டுள்ளதா என்றும் வினவுங்கள். இவற்றைக் கேட்பது நம் உரிமை. பிள்ளைகளுக்கு நாம் ஆற்றும் கடமையும் ஆகும்.